கட்டுண்ட அரசர்: இரட்சணிய யாத்திரிகமும் துன்புறும் சபையின் ஆறுதலும்

கிறிஸ்து அரசர் என்பது திருச்சபையின் மிகப் பழைய அறிக்கைகளுள் ஒன்று. தீர்க்கதரிசி, ஆசாரியர், அரசர் என்னும் மூவகைப் பணிகளை உடையவராக ஆண்டவரை விளக்குவது சீர்திருத்தச் சபைகளின் வினாவிடைகளில் வேரூன்றிய முறை. 1925-ஆம் ஆண்டில் போப்பரசர் பதினோராம் பயஸ் ஏற்படுத்திய கிறிஸ்து அரசர் திருநாள், இன்று நம் சபைகள் பலவற்றிலும் திருவருகைக் காலத்திற்கு முந்திய ஞாயிறன்று அனுசரிக்கப்படுகிறது. இவ்வளவு இருந்தும், துன்பத்தில் இருப்போரிடம் இவ்வறிக்கையை எவ்வாறு எடுத்துரைப்பது என்பதில் நம் அருளுரைகள் தடுமாறுகின்றன. அரசர் என்ற சொல்லை உரக்கச் சொன்னால் போதும், ஆறுதல் தானே பிறந்துவிடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

நெய்வேலி நகரியத்தில் ஒரு லெந்து காலத்தின் மாலைக் கூட்டங்களில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பகுதி பகுதியாக எடுத்து விளக்கிவந்தோம். வந்து அமர்ந்தவர்கள் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பணிபுரிவோர், ஓய்வு பெற்றோர், ஒப்பந்தத் தொழிலாளர், சுற்றுக் கிராமங்களிலிருந்து மிதிவண்டியில் வருவோர். ஒரு நாள் கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் நின்று கேட்டார்: “ஐயா, இயேசு ராஜாதி ராஜா என்கிறீர்கள். அந்த ராஜாவின் பெயரைச் சான்றிதழில் எழுதியதனால்தான் எனக்கு வேலை தள்ளிப்போகிறது. எழுதாமல் விட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?”

அவர் கேட்டது வெறும் ஐயமன்று. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்து சமயத்தவருக்கு மட்டுமே உரியனவாக்கியது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற தலித் மக்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். ஞானஸ்நானம் பெற்று ஆலயத்திற்குச் சென்றுவரும் ஒருவர் வேலைக்காக மட்டும் தம்மை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோருவது அரசமைப்புச் சட்டத்தின்மீது செய்யப்படும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே தெருவில், ஒரே குடும்பக் கிளையில், ஒரே இழிவைச் சுமந்து வாழ்வோருள் திருமுழுக்குப் பெற்றவர் மட்டும் வேறு வரிசையில் நிறுத்தப்படுகிறார். பொதுத்துறை வேலையைச் சுற்றியே வாழ்க்கை அமைந்துள்ள ஊரில் இதன் கனம் எத்தன்மையது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தை மீண்டும் படித்தோம். அந்நூல் அரசராகிய கிறிஸ்துவை எவ்விடத்தில் உண்மையான ஆறுதலாகக் காட்டுகிறது, எவ்விடத்தில் காட்டத் தவறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. புலவரும் அவர் கண்ட அரசர்களும்

கிருஷ்ண பிள்ளை 1827-ல் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பராமாயணத்தைக் கேட்டும் ஓதியும் வளர்ந்தவர். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இரட்சணிய யாத்திரிகத்தின் முதற் பதிப்பு 1894-ல் வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களும், மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் அது. 1900-ல் புலவர் மறைந்தார்.

நூலின் கதைப்போக்கு ஆங்கிலேயராகிய ஜான் பன்யன் எழுதி 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலைத் தழுவியது. பன்யன் யார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். 1660-ல் இங்கிலாந்தில் முடியாட்சி மீண்டும் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே, அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்ற குற்றத்திற்காகப் பன்யன் பெட்ஃபோர்டில் சிறைப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன. ஓர் அரசனின் பெயரால் அடைக்கப்பட்ட மனிதர், வேறோர் அரசரின் நகரத்தை நோக்கி நடக்கும் யாத்திரிகனைப் பற்றி எழுதினார். அரசர் என்ற சொல் அவருக்கு அலங்காரமன்று. அது ஒரு வழக்கு, ஒரு தேர்வு.

கிருஷ்ண பிள்ளையின் நிலை வேறு. அவர் காலத்தில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அதே பஞ்சத்தின் நடுவே, 1877-ஆம் ஆண்டின் முதல் நாளில், விக்டோரியா இந்தியாவின் பேரரசி எனத் தில்லியில் அறிவிக்கப்பட்டார். மக்கள் பட்டினியால் மடிகையில் முடிசூட்டு விழா எடுக்கும் ஆட்சியையும் அவர் தலைமுறை கண்டது. கம்பன் காட்டிய, உயிர்களையெல்லாம் தன்னுயிர்போல் ஓம்பும் அரசனையும் அது செவியிற் கேட்டு வளர்ந்தது. இவ்விரு பின்னணிகளும் இரட்சணிய யாத்திரிகத்தின் அரசரை நாம் எடைபோடும்போது நினைவில் நிற்க வேண்டியவை.

2. இரு எசமானரின் வழக்கு

பன்யனின் மூலத்தில் அரசுரிமையைப் பற்றிய கூர்மையான உரையாடல் அப்பொல்லியோன் பயணியை வழிமறிக்கும் இடத்தில் வருகிறது. நாம் அதைப் பெரும்பாலும் வாட்போராகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் வாள் உருவப்படுவதற்கு முன் நடப்பது கூலி பற்றிய பேச்சு. நீ என் நாட்டிற் பிறந்தவன், என் குடி, ஏன் ஓடிப்போனாய் என்று கேட்கிறான் அப்பொல்லியோன். உன் கூலியால் வயிறு வளர்க்க முடியவில்லை என்கிறான் பயணி. திரும்பி வா, என் நாடு தரக்கூடியதைத் தருகிறேன் என்று நயமாகப் பேசுகிறான் அவன். நயம் பலிக்காதபோது தன் கடைசி அம்பை எய்கிறான்: உன் அரசனுடைய ஊழியர் எத்தனை பேர் இழிவான சாவைக் கண்டனர், அவன் தன் இடத்தைவிட்டு வந்து அவர்களை விடுவித்ததுண்டா? என் ஊழியரையோ நான் எத்தனை முறை காப்பாற்றியிருக்கிறேன்!

நெய்வேலியில் நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வியும் இதுவே. பழைய இடத்திற்குத் திரும்பினால் கிடைப்பதும், இந்த அரசரோடு நின்றால் இழப்பதும் என இரு பத்திகளாக எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்லும் வழக்கு அது. பயணி இவ்வழக்கை மறுப்பதில்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஊழியர் இழிவாக மாண்டனர் என்பது உண்மை. அரசர் உடனே விடுவிக்கவில்லை என்பதும் உண்மை. பயணியின் விடை, அரசர் காலந்தாழ்த்துவது அன்பைச் சோதித்தறிய என்பதும், மகிமை வரும் என்பதுமாகும்.

இவ்விடையில் நமக்கு முழு நிறைவு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சிறையில் இருந்தவர் தம் துன்பத்தைச் சோதனை என்று தாமே சொல்லிக்கொள்வது வேறு. துன்பமறியாத ஆயன் துன்புறும் மகனைப் பார்த்து, அரசர் உன் அன்பைச் சோதிக்கிறார் என்பது வேறு. முன்னது அறிக்கை, பின்னது கொடுமை. பன்யனின் உவமைக் கதையில் அரசர் பெரும்பாலும் தொலைவில், நகரத்தில் இருக்கிறார். சிலுவை வழியிலுள்ள ஓர் இடமாக வருகிறது. பயணியின் சுமை அங்கே விழுகிறது. கதை மேலே நடக்கிறது. ஊழியர் இழிவாக மாண்டனரே என்ற குற்றச்சாட்டுக்கு, அரசரே இழிவாக மாண்டார் என்ற விடை அவ்விடத்தில் முழுக் குரலில் எழவில்லை.

3. கிருஷ்ண பிள்ளை சேர்த்தது

இங்கேதான் தமிழ்ப் புலவர் தம் மூலத்தைக் கடந்து நிற்கிறார். பன்யனிடம் இல்லாத நீண்ட பாடுகளின் வரலாற்றைக் குமார பருவத்தில் இரட்சணிய சரித படலமாக அவர் அமைத்தார். காப்பிய இலக்கணம் கருதிச் செய்த சேர்க்கை என்று சிலர் இதனைக் கடந்துவிடுவர். நம் கருத்தில் இது இறையியல் தேவை கருதிய சேர்க்கை. மனிதனின் வீழ்ச்சியை அரசருக்கு எதிரான துரோகமாகக் காட்டிய காப்பியம், துரோகிகளுக்கு அந்த அரசர் என்ன செய்தார் என்று சொல்லாமல் யாத்திரிகனை வழியனுப்ப இயலாது.

அப்படலத்தில் மூன்று செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை.

முதலாவது, கட்டு. பகைவர் ஆண்டவரைக் கயிற்றாற் பிணிக்கின்றனர். அவரைப் பிணித்தது கயிறன்று, தம்மைப் பகைத்த மாந்தர்மேல் உருகிய அன்பெனும் நெடிய சங்கிலியே என்கிறார் புலவர். விடுவித்துக்கொள்ள ஆற்றல் இல்லாமையால் நின்றவரல்லர். விட்டுச் செல்ல மனமில்லாமையால் நின்றவர். அரசர்க்கரசர் என்பதற்கு இதைவிட ஆழ்ந்த விளக்கம் தமிழில் அரிது. ஆற்றலால் கட்டை அறுப்பது வீரம்; அன்பால் கட்டுண்டு நிற்பது இந்த அரசரின் ஆட்சி முறை. ஏன் அவர் வந்து விடுவிக்கவில்லை என்று அப்பொல்லியோன் கேட்கும் கேள்விக்கு, அவர் விட்டுப் போகவில்லை என்பதே இங்கு விடையாகிறது.

இரண்டாவது, முடி. முள்முடியும் செவ்வாடையும் கோலும் ஏளனத்திற்காகத் தரப்பட்டவை. கம்பனில் தோய்ந்த புலவர்க்கு முடி என்பது வெறும் அணியன்று. கம்பனின் இராமன் முடி மறுக்கப்பட்டுக் காடேகுகிறான்; அயோத்தியைப் பாதுகைகள் ஆள்கின்றன; முடிசூட்டு விழா பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், துன்பமெல்லாம் தீர்ந்த பிறகே நிகழ்கிறது. நற்செய்தியிலோ துன்பமும் முடிசூட்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நிகழ்கின்றன. யோவான் நற்செய்தியாளர் இதை நன்கு அறிந்தவர், எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மும்மொழிகளிலும் எழுதப்பட்ட பலகையை அவர் சொல்லாமல் விடவில்லை (யோவா. 19:19-20). காடு ஒருபுறம், அரியணை மறுபுறம் என்று கம்பனில் பிரிந்து நிற்பவை இங்கே ஒன்றாகின்றன. ஆகவே துன்புறும் கிறிஸ்தவன் அரசர் இல்லாத நாட்டில், அவர் திரும்பிவரும் நாளை மட்டும் எண்ணிக்கொண்டு வாழ்பவன் அல்லன். அவன் நிற்கும் இடத்தில் அரசர் முன்னரே நின்றிருக்கிறார்.

மூன்றாவது, புலம்பல். இக்கொடுமையைக் கண்டும் நிலம் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று காப்பியம் கதறுகிறது. கண்டவர் எழுப்பும் இக்கேள்விக்கு அங்கே விடை தரப்படவில்லை, கேட்டவர் கடிந்துகொள்ளப்படவுமில்லை. அரசரைப் போற்றும் நூலிலேயே, ஏன் இப்படி என்று அலறவும் இடமுண்டு. 2020-ஆம் ஆண்டில் மே 7, ஜூலை 1 ஆகிய இரு நாள்களில் இங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து தொழிலாளர் பலர் இறந்தனர். அத்தகைய நாள்களில் திருச்சபை முதலில் பேச வேண்டியது விளக்கமன்று, இப்புலம்பலே. மூன்றாம் நாள் செய்தியை முதல் நாளே சொல்லி வாயடைப்பது ஆறுதலாகாது.

இப்பகுதியைப் படித்த மாலையில், சுரங்கத்தில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் ஒன்று சொன்னார். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர் உண்டு. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது பெயர்த்துக்கொண்டு எழும். “கரி வருவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ஐயா. தண்ணீர் இறைப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். கர்த்தர் ராஜாவாக இருப்பது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது” என்றார். நம்மைக் காத்து நிலைநிறுத்துவது கிறிஸ்துவின் அரச பணி என்று ஹைடெல்பர்க் வினாவிடை கற்பிப்பதை அவர் தம் தொழில் வழியே கண்டுகொண்டார். நாம் அதனோடு ஒன்று மட்டும் சேர்த்தோம்: இந்த அரசர் மேலே நின்று நீரை இறைப்பவர் மட்டுமல்லர், வெள்ளம் புகுந்த இடத்திலும் இறங்கி நின்றவர்.

4. நூலின் குறைகள்

புகழ்ந்து மட்டும் நிறுத்துவது திறனாய்வாகாது. இரட்சணிய யாத்திரிகத்தில் நாம் விழிப்போடு கடக்க வேண்டிய இடங்களும் உள்ளன.

காப்பிய மரபு கேட்கும் நகர் வருணனையும் அவைச் சிறப்பும் அரசரின் மாட்சியை மாடத்திலும் மணியிலும் தேடச் செய்கின்றன. அவ்விடங்களில் புலவரின் சொல்வளம் பெருகுகிறது, ஆறுதலோ மெலிகிறது. மன்னர், ஜமீன்தார், ஆட்சியர், அதிகாரி என்ற வரிசையைக் கண்டு பழகிய நம் மக்கள், அத்தகைய அரசரிடம் மனுக் கொடுத்துச் சிபாரிசு தேடுவரேயன்றி, அவரைத் தம் துணையென்று கொள்ளமாட்டார். நம் ஜெபங்கள் பல விண்ணப்பத் தாள்களின் நடையில் அமைந்திருப்பதற்கு இப்பழக்கமே காரணம்.

ஆண்டவரைத் துன்புறுத்துவோரைச் சுட்டும் அடைமொழிகளின் கடுமை மற்றொரு குறை. யூத மக்கள்மேல் முழுப் பழியையும் சுமத்திய பிரசங்க மரபு ஐரோப்பாவில் எத்தகைய அழிவுக்கு வழிகோலியது என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டிவிட்டது. சிலுவைத் தீர்ப்பு பிலாத்துவின் ஆணை. அறைந்தவர் ரோமப் போர்ச்சேவகர். பகைத்தோர்க்காக அன்பினாற் கட்டுண்டார் என்று பாடிய புலவரின் சொல்லைக் கொண்டே அவர் அடைமொழிகளை நாம் திருத்திப் படிக்க வேண்டும்.

மூன்றாவது குறை நூலினுடையது மட்டுமன்று, நம்முடையதும் ஆகும். விருத்தங்களின் வடசொற் செறிவும் இலக்கண நயமும், இந்நூலின் ஆறுதல் யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கு அதைத் தொலைவாக்கிவிட்டன. கிறிஸ்தவக் கம்பர் என்று பட்டஞ்சூட்டி அவரை அலமாரியில் வைத்துவிட்டோம். உரை சொல்லி, வீட்டுக் கூட்டங்களில் பாடி, மக்கள் மொழியில் அவரை இறக்கித் தருவது இறையியல் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி.

5. அருளுரையாளர்க்கு

அந்த இளைஞருக்கு நாம் என்ன சொன்னோம்? அன்று மாலை அதிகம் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் தாயின் பேச்சைக் கேட்டோம். பிறகு படித்தவற்றிலிருந்து மூன்று செய்திகளை நமக்கே தெளிவாக்கிக்கொண்டோம்.

ஒன்று, கிறிஸ்து அரசர் என்பதால் இழப்பு இழப்பல்ல என்று சொல்லலாகாது. இழந்தது வேலை, அதன் விலை அரிசி, வாடகை, தங்கையின் படிப்பு. பத்மு தீவிலிருந்து எழுதிய யோவான், தம்மை வாசகர்களின் உபத்திரவத்திற்கும் இராஜ்யத்திற்கும் பொறுமைக்கும் உடன்பங்காளியாக அறிமுகம் செய்கிறார் (வெளி. 1:9). இராஜ்யம் அங்கே உபத்திரவத்திற்கும் பொறுமைக்கும் நடுவில் வைக்கப்பட்டுள்ளது. உபத்திரவத்தைத் தள்ளிவிட்டு இராஜ்யத்தை மட்டும் எடுத்துப் பிரசங்கிக்க நமக்கு உரிமையில்லை. உடன்பங்காளி ஆகாமல் அதைச் சொல்லவும் உரிமையில்லை.

இரண்டு, அரசர் இருக்கிறார் என்பது அநீதியோடு ஒத்துப்போகும் ஆறுதலன்று. வேறு அரசர் உண்டு என்று சொல்வதே இவ்வுலக அரசுகளின் ஆணைகள் இறுதியானவை அல்ல என்று சொல்வதாகும். 1950-ஆம் ஆண்டு ஆணையை மாற்றக் கோரி வழக்காடுவோரும் ஊர்வலம் செல்வோரும் அரசரின் குடிகளாகவே அவ்வாறு செய்கின்றனர். அவர்களோடு நிற்பது ஆயனின் கடமை.

மூன்று, நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே தொடங்குகிறது (1 பேதுரு 4:17). சான்றிதழில் கிறிஸ்தவர் என்று எழுதியவரை அரசு வேறு வரிசையில் நிறுத்துகிறது என்று குறைகூறும் நம் சபைகள், திருவிருந்திலும் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சாதி வரிசை பாராமல் இருந்ததுண்டா? சான்றிதழில் என்ன எழுதுவது என்று நடுங்கும் இளைஞரை விசுவாசமற்றவர் என்று பிரசங்க பீடத்திலிருந்து தீர்ப்பிடுவது எளிது. அவர் இழந்ததில் ஒரு பங்கைச் சபை சுமந்ததா என்பதே அரசர் நம்மைக் கேட்கும் கேள்வி. முள்முடி சூடியவர் ஆளும் வீட்டில், முடிகள் வரிசைப்படி வைக்கப்படுவது அவரை மீண்டும் ஏளனம் செய்வதாகும்.

அடுத்த வாரக் கூட்டத்திற்கு அவ்விளைஞர் வந்தார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா என்று நாம் கேட்கவில்லை. அன்று ஆண்டவர் கட்டுண்டு நின்ற பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கும்படி அவரே கேட்டார். படித்தோம். வெளியே இரவு முறைப் பணிக்குச் செல்லும் பேருந்து வந்து நின்றது. பாதிப் பேர் எழுந்து போக வேண்டியிருந்தது. அவர்களை வாழ்த்தி அனுப்புகையில், கட்டுண்ட அரசர் அவர்களோடு அந்தப் பேருந்தில் ஏறுகிறார் என்று நாம் சொன்னதை வெற்றுச் சொல்லாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரட்சணிய யாத்திரிகத்தின் ஆறுதல் அதுவே: யாத்திரிகன் சென்றுசேரும் நகரத்தில் அரசர் இருக்கிறார், அவன் இன்னும் சென்றுசேராத வழியிலும் இருக்கிறார்.